பல்லுக்குக் கம்பி கட்டினால் போதுமா?

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவரின் பிறந்தநாள் விழாக்களுக்கோ தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்களுக்கோ செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரையான பிள்ளைகளிற் பலர் வாய் திறந்து சிரிக்கும்போது பற்களில் உலோகக் கம்பி மின்னுகின்றது. ஊரில் இருந்த காலத்தில் எம்மிற் பெரும்பாலோர் அறிந்திராத வைத்தியம் இது. அங்கு பல் வைத்தியரிடம் போவதென்றால் பல்லைப் பிடுங்குவதற்கே போனோம். மிதந்த பல்லோடும் தெற்றுப் பல்லோடும் வளர்ந்தோம். அவற்றோடேயே மணமேடைக்கும் ஏறினோம். எமது பிள்ளைகளுக்கு அந்தக் குறை வேண்டாம் என்று எண்ணிப் பணத்தையும் நேரத்தையும் செலவிடும் பெற்றோரை நாம் குறைகூற வரவில்லை. அவர்களிடம் ஒன்றைக் கேட்கவே விரும்புகின்றோம்: கம்பி கட்டியதோடு எமது வேலை முடிந்துவிட்டதா?

சில காலத்துக்கு முன், எமது வீட்டுப் பிள்ளையொன்றின் பொருட்டு ஜேர்மனிய நகரொன்றிலுள்ள பற்சீரமைப்பு வைத்தியரிடம் சென்றிருந்தோம். எமக்கு முன்னர் ஒரு தாயும் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மகனும் உள்ளே போய் வந்தனர். வரவேற்பு மேசையருகே வைத்து உதவியாளர் பெண்மணி அந்தப் பையனுக்கு நீண்ட நேரம் விளக்கம் கூறினார். பற்களுக்கு இடையே அழுக்குப் படிந்து முரசு வீங்கியிருப்பதையும், பல்லிடைத் தூரிகையை அவன் தொடவேயில்லை என்பது தெரிவதையும், இப்படியே போனால் வைத்தியர் கம்பியைக் கழற்றிவிட நேரும் என்பதையும் அவர் நிதானமாக எடுத்துரைத்தார். அருகில் நின்ற தாய், "என்னவாம் தம்பி?" என்று கேட்டார். "ஒண்டும் இல்லையம்மா, எல்லாம் நல்லமாம். அடுத்த மாசம் வரட்டாம்" என்றான் பையன். தாய் நிறைவோடு தலையசைத்து நன்றி கூறிப் புறப்பட்டார்.

அந்தப் பையனை நாம் குற்றஞ்சாட்டவில்லை. எந்தப் பிள்ளைதான் தன்மீதான முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்த்துத் தாயிடம் ஒப்புவிக்கும்? ஆயினும் அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு ஆண்டு வைத்தியத்தின் அரைவாசிப் பயன் காற்றிற் போய்விட்டது. வைத்தியர் தாயிடம் தெரிவித்துவிட்டதாக எண்ணுகின்றார். தாய் எல்லாம் நன்றாக நடப்பதாக எண்ணுகின்றார். இருவருக்கும் இடையில் உண்மை, பையனின் வாயிலேயே நின்றுவிட்டது.

இதனை மற்றவர் வீட்டுக் கதையாக எழுதி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எமது மூத்த பிள்ளைக்குக் கம்பி கழற்றிய நாளில் பற்கள் நேராக இருந்தன. ஆனால் கம்பியின் பிடிகள் ஒட்டப்பட்டிருந்த இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெண்மையான தழும்புகள் தெரிந்தன. பிடி இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது. 'நாளும் இரு தடவை பல் விளக்கினாயே?' என்று கேட்டோம். விளக்கியது உண்மைதான். எங்கே விளக்கினான் என்பதை இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளேனும் நாம் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

அந்த வெண்தழும்பு பற்சூத்தையின் முதற்படி. பல்லின் மீது எந்நேரமும் நுண்ணுயிர்களாலான ஒட்டும் தன்மையுள்ள படலம் ஒன்று படிந்துகொண்டிருக்கின்றது. நாம் உண்ணும் சீனியையும் மாச்சத்தையும் அந்நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டும்போது பல்லின் மேலோடாகிய எனாமலிலிருந்து சுண்ணச் சத்துக் கரைகின்றது. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து இழந்த சத்தை ஓரளவு மீளச் சேர்க்கின்றது. கம்பியில்லாத வாயில் நாக்கும் உதடும் உமிழ்நீரும் சேர்ந்து பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. கம்பி கட்டிய வாயிலோ ஒவ்வொரு பல்லின் மீதும் ஒரு பிடி, அதன் ஊடாக ஒரு கம்பி, அதைக் கட்டி வைக்கும் றப்பர் வளையம் என உணவு தங்குவதற்குப் பல மூலைகள் புதிதாய்த் தோன்றுகின்றன. கவனிக்காது விட்டால் பிடி ஒட்டிய ஒரு மாதத்துக்குள்ளேயே வெண்தழும்பு தோன்றக்கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோன்றிய தழும்பு காலப்போக்கில் ஓரளவு மங்கலாமேயொழியப் பல வேளைகளில் முற்றாக மறைவதில்லை.

இனிப் பற்களின் இடைவெளிக்கு வருவோம். ஒரு பல்லுக்கு ஐந்து பக்கங்கள் உண்டு: வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பக்கம், அயலிலுள்ள இரு பற்களை நோக்கிய இரு பக்கங்கள். வழமையான பற்தூரிகை முதல் மூன்றையுமே எட்டும். எஞ்சிய இரண்டும் அதற்கு எட்டா. ஞானப்பற்களை விடுத்து மேல் தாடையில் பதினான்கு, கீழ்த் தாடையில் பதினான்கு பற்கள் உள்ள ஒருவருக்கு அத்தகைய இடைவெளிகள் 26. கம்பி இல்லாதவர் ஒரு நூலை மேலிருந்து இறக்கி இவ்விடைவெளிகளைத் துடைத்துவிடலாம். கம்பி கட்டியவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகின்றது. குறுக்கே செல்லும் கம்பி நூலைத் தடுக்கின்றது. ஆகவே, இடைவெளியைத் துப்புரவு செய்வது மிகத் தேவையாகும் காலத்திலேயே அது மிகக் கடினமாகவும் ஆகின்றது. பிள்ளைகள் கைவிடுவதில் வியப்பில்லை.

எம்மவரின் உணவும் இதிற் சேர்த்து எண்ணப்பட வேண்டும். வைத்தியசாலையில் தரப்படும் துண்டுப் பிரசுரங்கள் அப்பிளையும் பாணின் கரையையும் சூயிங்கத்தையும் பற்றியே பேசும். புட்டின் தேங்காய்ப்பூ கம்பிக்கு அடியிற் புகுந்துகொள்வதையோ, முருங்கைக்காயின் நாரும் ஆட்டிறைச்சியின் நாரும் பல்லிடுக்கில் இறுகிக்கொள்வதையோ, தொதல் பிடியைச் சுற்றி அப்பிக்கொள்வதையோ, முறுக்கும் கச்சான் அல்வாவும் பிடியையே பெயர்த்துவிடுவதையோ அவை பேசமாட்டா. அவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. கறியின் மஞ்சள், நிறமற்ற றப்பர் வளையங்களை ஓரிரு நாட்களிலேயே மஞ்சளாக்கிவிடும். இதனால் பாடசாலையிற் கேலிக்கு உள்ளாகி, வீட்டுச் சோறே வேண்டாமென்று மறுக்கும் பிள்ளைகளும் உளர். அடர் நிற வளையங்களையோ மெல்லிய உலோகக் கட்டையோ வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. ஒரு சொல்லில் தீரும் பிரச்சினை இது. சோற்றைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. கம்பிக்கும் பல்லுக்கும் கூடிய கேடு செய்வது வேளாவேளைக்கு உண்ணும் உணவல்ல. இடையிடையே நாள் முழுதும் உறிஞ்சப்படும் இனிப்புப் பானங்களும், சீனி போட்ட தேநீரும், சொக்கிலேற்றுமே. ஒவ்வொரு மிடறும் அமிலத்தைப் புதுப்பிக்கின்றது. உமிழ்நீருக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

பல்லிடையைத் துப்புரவு செய்யும் பழக்கம் எமக்குப் புதியதன்று. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். உண்டபின் திண்ணையில் அமர்ந்து ஈர்க்கு முறித்துப் பல்லிடுக்கை நோண்டிய பெரியோரை மறந்திருக்கமாட்டோம். மேலை நாட்டிலும் நியூ ஓர்லியன்ஸ் நகரில் தொழில் புரிந்த பல் வைத்தியர் லெவி ஸ்பியர் பார்ம்லி, 1819ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் மெழுகிட்ட பட்டு நூலைப் பற்களிடையே இழுக்குமாறு அறிவுறுத்தினார். ஆனால் கம்பி கட்டிய பிள்ளையின் கையில் ஈர்க்கையோ குண்டூசியையோ கொடுத்துவிடலாகாது. அவை முரசைக் கிழிக்கும்; கம்பியை வளைக்கும்; ஒட்டியிருக்கும் படலத்தையோ அகற்றமாட்டா.

அதற்கென உள்ள கருவிகள் இரண்டு. முதலாவது பல்லிடைத் தூரிகை. போத்தல் கழுவும் தூரிகையைச் சிறிதினும் சிறிதாக்கினாற்போன்ற உருவம் கொண்டது. பல அளவுகளில், அளவுக்கொரு நிறத்தில் மருந்துக் கடைகளிற் கிடைக்கின்றது. வலிந்து திணிக்காமல், அதே வேளை தளர்ந்தும் போகாமல் இடைவெளிக்குள் செல்லும் அளவே சரியானது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம். முதன்முறை எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று வைத்தியரின் உதவியாளரைக் கொண்டே காட்டச் செய்தல் வேண்டும். தூரிகையைக் கம்பிக்குப் பின்னால் மேலிருந்து கீழாகவும் பின்னர் கீழிருந்து மேலாகவும் நுழைத்து, ஒவ்வொரு பிடியின் இரு மருங்கிலும் சில தடவை மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். அதன்பின் முரசருகே பற்களின் இடைவெளிக்குள்ளும் அதேபோற் செலுத்த வேண்டும். பசை எதுவும் தேவையில்லை. தண்ணீரில் அலசி மீண்டும் பாவிக்கலாம். தும்பு தேய்ந்தாலோ நடுக்கம்பி வளைந்தாலோ எறிந்துவிட வேண்டும்.

இரண்டாவது நூல். பற்கள் நெருங்கியிருக்கும் இடங்களில் தூரிகை நுழையாது. அங்கு நூலே வழி. தடித்து விறைப்பான முனையுடைய நூல் கடைகளில் உண்டு. அது இல்லாதபோது பெரிய காதுள்ள ஊசியைப் போன்ற பிளாஸ்டிக் கோர்ப்பி ஒன்றினால் சாதாரண நூலையே கம்பிக்கு அடியால் கொண்டுபோகலாம். தையல் ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்த எந்தத் தாய்க்கும் இது ஒரு நாளிற் பழகும். நூலைப் பல்லோடு அணைத்து வளைத்து, முரசின் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை இறக்கி, மேலும் கீழுமாகத் துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். வெடுக்கென்று மேலே இழுத்தால் கம்பி கழன்றுவிடும். நீரைப் பீச்சும் மின் கருவிகளும் இன்று விற்பனைக்கு உள்ளன. சிக்கிய உணவை வெளியேற்ற அவை நல்ல துணை. அவை வீட்டில் இருப்பதால் தூரிகையை விட்டுவிடலாம் என்று மட்டும் எண்ணலாகாது.

தொடக்கத்தில் முரசிலிருந்து இரத்தம் கசியும். இதைக் கண்டு அஞ்சித் துப்புரவை நிறுத்துவோரே அதிகம். கசிவு, முரசு ஏற்கெனவே அழற்சியுற்றிருப்பதன் அடையாளம். ஒழுங்காகத் துப்புரவு செய்துவந்தால் ஓரிரு வாரங்களில் அது பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாவிடில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். புளோரைட் கலந்த பற்பசையும் இன்றியமையாதது. ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்குப் பத்து இலட்சத்தில் 1,350 முதல் 1,500 பங்கு புளோரைட் உள்ள பசையைப் பிரித்தானிய சுகாதார அறிவுரை பரிந்துரைக்கின்றது. விளக்கியபின் நுரையைத் துப்பினாற் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் சேர்ந்து போய்விடும்.

'நூல் இழுப்பதாற் பயன் இல்லையென்று அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதினவே' என்று வாதிடும் நண்பர்களும் எமக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம், பல்லிடை நூலின் பயனுக்கான சான்றுகள் வலுவற்றவை என்று செய்தி வெளியிட்டது உண்மையே. சான்று வலுவற்றது என்பதும் பயனற்றது என்பதும் ஒன்றல்ல. 2019இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, பல் விளக்குவதோடு நூலையோ பல்லிடைத் தூரிகையையோ சேர்த்துக்கொள்வது முரசு அழற்சியைக் குறைக்கக்கூடும் என்றும், நூலைவிடத் தூரிகை கூடிய பயன் தரக்கூடும் என்றும் கூறியது. அச்சான்றின் உறுதி குறைவு என்பதையும் அதே மதிப்பாய்வு மறைக்கவில்லை. சாதாரண வாய்க்கே நிலைமை இதுவாயின், நாற்புறமும் உலோகம் சூழ்ந்த வாயை நம்பிக்கையின் பேரில் விட்டுவிட எமக்குத் துணிவில்லை.

பணக் கணக்கையும் பார்ப்போம். ஜேர்மனியில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தேவை குறித்த தரத்தை எட்டினால் அரச காப்புறுதி கம்பிச் செலவை ஏற்கின்றது. ஆயினும் பெற்றோர் முதலில் 20 வீதத்தைத் தாமே செலுத்த வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே காலத்தில் வைத்தியம் பெற்றால் இரண்டாம் பிள்ளை முதல் அது 10 வீதம். வைத்தியம் திட்டப்படி நிறைவுற்றதும் அத்தொகை மீளக் கிடைக்கும். துப்புரவின்மையால் இடையில் நிறுத்தப்பட்டால் கிடைக்காது. பிரான்சில் பதினாறு வயதுக்கு முன் தொடங்கும் வைத்தியத்துக்கே பொதுவாகக் காப்புறுதியின் பங்கு உண்டு. நாட்களை வீணாக்கிவிட்டுப் பின்னர் மீளத் தொடங்குவது எளிதன்று. சுவிற்சர்லாந்தில் கட்டாய அடிப்படைக் காப்புறுதி சாதாரணமான பற்சீரமைப்பை ஏற்பதில்லை. உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்த காசே அங்கு பிள்ளையின் வாயிற் கம்பியாகின்றது. அந்தக் காசு சூத்தையாக முடிவதை யார் பொறுப்பர்?

புகலிட வழக்கு முடிவுறாதிருக்கும் குடும்பங்களின் நிலை வேறு. ஜேர்மனியில் 1993ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள புகலிடம் கோருவோர் உதவிச் சட்டத்தின் கீழ், தொடக்க காலத்தில் கடும் நோய்க்கும் வலிக்குமான வைத்தியமே பொதுவாகக் கிடைக்கும். அங்கு கம்பி என்பது பெரும்பாலும் தொலைவிலுள்ள பேச்சு. ஆனால் வேறொரு நாட்டில் கட்டிய கம்பியோடு வந்து சேரும் பிள்ளைகளும் உளர். முகாம் விட்டு முகாம் மாறுகையில் வைத்தியரைக் காண மாதங்கள் ஆகலாம். அந்நாட்களில் அப்பற்களுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு, சில நாணயங்களுக்கு வாங்கக்கூடிய அந்தச் சின்னத் தூரிகைதான். பல் வைத்தியருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். துப்புரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இவை யாவற்றிலும் முதன்மையானதாக நாம் கருதுவது மொழிபெயர்ப்பு விடயமே. நோர்வேயில் 2022 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, அரச சேவைகள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றது. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டலும் பதினாறு வயதுக்கு உட்பட்டோரை இதற்குப் பயன்படுத்தலாகாது என்கின்றது. மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளர் பணம் கொடுக்க வேண்டியதுமில்லை. அந்நாடுகளில் வாழ்வோர் நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும். அது பிச்சையன்று, உரிமை. ஜேர்மனியில் பல் வைத்தியரிடம் காப்புறுதிச் செலவில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அரிது. அங்கு மொழி தெரிந்த வளர்ந்தவர் ஒருவரை, சித்தப்பாவையோ அயல்வீட்டு அக்காவையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அழைத்துச் செல்லலாம். அதுவும் இயலாவிடில் மொழியே தேவைப்படாத வழியொன்று உண்டு. கண்ணாடியின் முன் பிள்ளையை நிறுத்தி, தூரிகையை உதவியாளரின் கையிற் கொடுத்து, 'எனக்குக் காட்டுங்கள்' என்று சைகையாற் கேட்பது. பின்னர் அதே தூரிகையை நாம் வாங்கி, அவர் முன்னிலையிலேயே செய்து காட்டுவது. எந்த நாட்டு வைத்தியரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

வீட்டிலும் அதுவே வழி. இரண்டு ஆண்டு வைத்தியம் என்றால் ஏறத்தாழ 730 இரவுகள். 'பல் விளக்கினாயா?' என்று குசினியிலிருந்து குரல் கொடுப்பது கண்காணிப்பாகாது. படலத்துக்கு நிறமூட்டும் வில்லைகள் மருந்துக் கடைகளில் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை அதனை மென்று துப்பச் செய்தால் தப்பிய இடம் எதுவென்று பிள்ளையே கண்டுகொள்ளும்; தகப்பன் ஏச வேண்டியதில்லை. இரவு வேலைக்குப் போகும் பெற்றோர் உண்டு என்பதை அறிவோம். அவர்கள் பிள்ளை பாடசாலையால் வந்த நேரத்தையோ வார இறுதியையோ இதற்கென ஒதுக்கலாம். முதல் வாரத்தில் ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் அருகில் நின்றால், அடுத்த வாரம் பிள்ளையின் கை தானாகவே பழகிவிடும். கம்பி கழன்ற பின்னும், நிமிர்ந்த பல் மீளச் சாயாதிருக்க முன்பற்களின் உட்புறம் ஒட்டப்படும் மெல்லிய கம்பி பல ஆண்டுகள் இருக்கும். ஆகவே இன்று பழகும் கைக்கு நாளையும் வேலை உண்டு.

எமது சமூகத்தில் இன்று பல் வைத்தியர்களும் பல் வைத்திய உதவியாளர்களுமாகப் பல இளையோர் உருவாகியுள்ளனர். இவர்களைத் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை அழைத்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி, ஒரு பல் மாதிரியும் ஒரு தூரிகையும் வைத்துத் தமிழில் விளக்கச் செய்தல் என்ன? மண்டபமும் உண்டு, மக்களும் உண்டு. செலவென்று பெரிதாக ஏதுமில்லை.

அன்று அந்த வரவேற்பு மேசையருகே நாம் வாய் திறந்திருக்க வேண்டும். 'தங்கச்சி, தம்பி சொன்னதுக்கு மேலாக அவர் வேறும் சொன்னவர்' என்று அந்தத் தாயிடம் கூறியிருக்க வேண்டும். மற்றவர் வீட்டு விடயத்தில் தலையிடலாகாது என்ற நாகரிகம் எம்மைத் தடுத்துவிட்டது. அந்தத் தவறுக்கு ஈடாகவே இதனை எழுதுகின்றோம். இதனை வாசிக்கும் பெற்றோர் இன்றிரவு பிள்ளையை விளக்கொளியில் அமர்த்தி, உதட்டை மெல்ல உயர்த்தி, கம்பிக்கு அடியில் என்ன இருக்கின்றதென்று தம் கண்ணாலேயே ஒரு முறை பார்க்கட்டும்.